நூற்றெண்பது வெள்ளி மீன்

குமுதா ஜொகூருக்குப் பஸ் ஏறிய நாளில் லோகேஸ்வரனுக்கு வெண்டைக்காய் என்ன விலை என்று தெரியாது. அரிசி எந்தக் கடையில் வாங்குகிறார்கள், மின்சார பில்லை எத்தனாம் தேதிக்குள் கட்ட வேண்டும், மகள் காமினியின் டியூஷனுக்கு மாதம் எவ்வளவு, எதுவும் தெரியாது. கல்யாணம் ஆனதிலிருந்து சம்பளம் வந்ததும் பெட்ரோலுக்கும் கைச்செலவுக்கும் எடுத்துக்கொண்டு மீதியை அவள் கையில் கொடுத்துவிடுவான். குடும்பக் கணக்கில் அவன் வேலை அதோடு முடிந்தது.

கடலுக்கு அக்கரையில், பிறையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன் அவன். குமுதா வீடு இருந்த தீவுப் பக்கத்திலேயே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை செய்தாள். கோவிட் முடிந்து எல்லையெல்லாம் திறந்த வருஷம் அந்தத் தொழிற்சாலை பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. நாற்பத்திரண்டு வயதில் அவள் வேலை கேட்டுப் போன இடங்களில் பழைய சம்பளத்தில் பாதிதான் பேசினார்கள். அதே சமயம் டத்தோ கிராமாட்டில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்காரர் இரண்டாம் முறையாக வாடகையை ஏற்றினார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குமுதா பேச்சை எடுத்தாள்.

"நான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேங்க. என்கூட இருந்த ஷாஹிரா அங்கதான் இருக்கா. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர்ல ரூம் எடுத்துத் தங்கிக்கிட்டு தினம் கம்பெனி பஸ்ல போயிட்டு வராங்க. அங்க ஒரு வெள்ளின்னா இங்க மூணு வெள்ளிக்கு மேல. மூணே வருஷம். ஒரு வீட்டுக்கு முன்பணம் சேர்ந்ததும் திரும்பி வந்துடுறேன்."

"காமினி?"

"அவளுக்குப் பதினாறு வயசாச்சு. சோறாக்கத் தெரியும். நீங்கதான் எல்லாம் கத்துக்கணும்."

அவன் கற்றுக்கொண்டான். பாசாருக்குக் காலையில் போனால் ஒரு விலை, கடை கட்டுகிற நேரத்தில் போனால் வேறு விலை என்று தெரிந்துகொண்டான். கோழியை வெட்டி வாங்குவதைவிட முழுசாக வாங்கி வீட்டில் வெட்டினால் மிச்சம். வெங்காயம் மலிவாக இருக்கிறதே என்று நிறைய வாங்கினால் அந்த ஈரக்காற்றில் பாதி அழுகிப் போகும். அது மிச்சமே இல்லை. காலை ஷிப்டு வாரத்தில் சாயங்காலச் சமையலும் மாலை ஷிப்டு வாரத்தில் காலைச் சமையலும் அவன் பொறுப்பு. வேலைக்குப் போக பெர்ரிப் படகுதான் அவனுக்குப் பிடிக்கும். மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்க்கலாம். ஆனால் பெர்ரிக்குக் காசு, பாலத்தில் மோட்டாருக்கு டோல் கிடையாது. சுற்றிப் போகிற பெட்ரோலைச் சேர்த்துப் பார்த்தாலும் பாலம்தான் மலிவாக வந்தது. பாலத்துக்கு மாறினான்.

ஞாயிற்றுக்கிழமை குமுதாவுக்கு லீவு. அன்று சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். அந்த வாரச் செலவை அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொள்வாள். அவள் செலவை அவன் எழுதிக்கொள்வான். கணக்கு கால் மணி நேரம் என்றால் கதை ஒரு மணி நேரம். முருங்கைக்காய்க்குக் கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, "அந்தக் காசுக்கு முருங்கை மரத்தையே வாங்கலாம்லா" என்பாள். அதிகாலையில் இமிகிரேஷனில் நிற்கும் கூட்டத்தைப் பற்றியும், பக்கத்துக் கட்டிலில் ஷாஹிரா தூக்கத்தில் மலாய்ப் பாட்டு முணுமுணுப்பதைப் பற்றியும் சொல்வாள். காமினி இடையில் தலையை நீட்டி, "அம்மா, அப்பா வச்ச சாம்பார்ல புளியே இல்ல" என்று கோள் சொல்வாள். வாரத்தில் அந்த ஒன்றேகால் மணி நேரம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

முதலில் குமுதா மாதம் ஒரு தடவை வந்து போனாள். இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, கணக்கைக் கூட்டிப் பார்த்த லோகேஸ்வரன்தான் அதைச் சொன்னான். "நீ வந்து போற பஸ் காசு நமக்கு ஒரு வாரத்துச் சாமான் காசு. அடுத்த மாசம் வராம இருந்தா அது அப்படியே பேங்க்குல நிக்கும்."

அவள் அந்த வாரக் கூட்டலுக்கு அடியில் கோடு போட்டாள். பிறகு, "சரிங்க. நிக்கட்டும்" என்றாள்.

அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் தள்ளிப்போயிற்று. கடைசியில் தீபாவளி, தைப்பூசம், காமினியின் பிறந்தநாள் என்று வருஷத்தில் மூன்று தடவை ஆனது. பேங்க்கில் பணம் நின்றது. அதை அவன் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்தான். வேலை முடிந்ததும் தொழிற்சாலை வாசலுக்கு எதிர்க்கடையில் நாலைந்து பேர் தே தாரிக் டீ குடித்துவிட்டுப் பிரிவது வழக்கம். லோகேஸ்வரன் அதை விட்டான். கூடவே வேலை செய்யும் முனுசாமி இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

"லோகா, ஒரு கிளாஸ் தண்ணிக்குக் கூடவா கணக்குப் பாக்குற? வா, நான் குடுக்கிறேன்."

"இல்லண்ணே. இன்னிக்கு நீங்க குடுத்தா நாளைக்கு நான் குடுக்கணும்."

முனுசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. கல்யாணங்களுக்கும் அதே கதைதான். மொய்யும் வேண்டும், காமினிக்குத் துணியும் வேண்டும் என்பதால் காய்ச்சல் என்றோ ஷிப்டு என்றோ சொல்லிவிடுவான். நாலைந்து பத்திரிகைகளுக்கு அப்படிச் சொன்ன பிறகு பத்திரிகைகளும் நின்றன. வேலை, பாசார், அடுப்பு, துணி, சனிக்கிழமை ஓவர்டைம் என்று நாள் முழுக்க அவனுக்குக் கைநிறைய வேலை இருந்தது. அதனால் யாரும் வராததே ரொம்ப நாளைக்கு அவனுக்குத் தெரியவில்லை.

காமினிக்குக் கெடாவில் ஒரு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. விடுதி. பெட்டி கட்டுகிற அன்று அவள் அப்பாவின் போனை வாங்கி அதில் ஒரு கணக்கு ஆப்பை ஏற்றினாள்.

"இனிமே நீங்க சொல்ல சொல்ல அம்மா எழுத வேணாம்ப்பா. என்ன வாங்குனாலும் உடனே இதுல போடுங்க. அம்மா போன்லயும் தெரியும். அவங்க போடுறது உங்களுக்குத் தெரியும். கூட்டல் கழித்தல் எல்லாம் இதே பாத்துக்கும். அம்மாவுக்கு ஒரு ஞாயித்துக்கெழமைதான் ரெஸ்ட்டு, பாவம்."

நல்ல பிள்ளை, நல்ல யோசனை. அவனுக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த முதல் ஞாயிறு சாயங்காலம், முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு போனை மேசைமேல் டம்ளரில் சாய்த்துவைத்து உட்கார்ந்தான். கூப்பிடுகிற நேரம் தாண்டியது. ஒரு செய்தி வந்தது. 'பாத்துட்டேங்க. கணக்கு சரியா இருக்கு.' பக்கத்தில் ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான்.

அதற்கடுத்த வாரமும் கட்டைவிரல்.

ஒரு புதன்கிழமை ஷிப்டு முடிந்து வந்து ராத்திரி அவனே கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் குமுதாவின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"என்னங்க? காமினிக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

"சும்மாவா? நெஞ்சே நின்னுடுச்சு எனக்கு. இப்பதாங்க கண்ணசந்தேன். மூணரைக்கு எழும்பணும்."

"சரி சரி, தூங்கு. வச்சிடுறேன்."

தப்பு அவன்மேல்தான். அவள் எழுந்திருக்கும் நேரம் அவனுக்குத் தெரியாததா? அதற்குப் பிறகு ஏதாவது காரணம் இல்லாமல் கூப்பிட அவனுக்குக் கை வரவில்லை. காரணம் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. வாடகை கட்டியாயிற்று, காஸ் சிலிண்டர் மாற்றியாயிற்று, எல்லாம் ஆப்பில் இருந்தது.

அந்த மீன் நிஜமாகவே கைத்தவறுதான். பாசாரில் கானாங்கெளுத்தி பதினெட்டு வெள்ளிக்கு வாங்கினான். ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆப்பில் போட்டதில் ஒரு சைபர் கூடிவிட்டது. அது ஞாயிற்றுக்கிழமை. வீட்டுப் படி ஏறுவதற்குள் போன் அடித்தது.

"என்னங்க, நூத்தெண்பது வெள்ளிக்கு மீனா? திமிங்கிலம் கிமிங்கிலம் வாங்கிட்டு வந்தீங்களா?"

அவன் போனைத் தள்ளிப் பிடித்து, போட்ட தொகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். பின்னால் ஷாஹிரா என்ன என்று கேட்க, அவளுக்கும் சொல்லி மறுபடி சிரித்தார்கள். எப்படிக் குழம்பு வைக்கப் போகிறான் என்று கேட்டாள். வெந்தயம் கருகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவன் மீனைக் கழுவி மசாலா தடவி, குழம்பு கொதித்து இறங்கும்வரை அவள் போனில் இருந்தாள். அன்று அவன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

அடுத்த ஞாயிறு போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு ஒன்பதரை வெள்ளி வெங்காயத்துக்குத் தொண்ணூற்றைந்து என்று போட்டான். போன் அடித்தது. அந்த முறையும் பேசினார்கள், கொஞ்சம் குறைவாக. அதற்கடுத்த வாரம் துணி துவைக்கும் சவர்க்காரம். "கண்ணாடி மாத்துங்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் சீக்கிரமே வைத்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் அரிசியில் ஒரு சைபரைக் கூட்டினான். காத்திருந்தான். போன் அடிக்கவில்லை. பொழுது சாய்ந்தபோது ஆப்பைத் திறந்து பார்த்தான். அவன் போட்ட தொகையைக் குமுதா அங்கிருந்தே திருத்திவைத்திருந்தாள். எப்போதும்போல் கீழே செய்தி வந்திருந்தது. 'கணக்கு சரியா இருக்கு.'

சரியாகத்தான் இருந்தது. லோகேஸ்வரன் போனைக் கவிழ்த்துவைத்தான். அடுப்பில் வைத்திருந்த சோறு குழைந்துபோகிற வரைக்கும் அவன் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு என்மேல் சலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தான். பிறகு, அவளுக்கு அங்கேயே பழகிவிட்டது, இனி இந்த வீடு ஒரு செலவுக் கணக்கு மட்டும்தான் என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனை வாரம் முழுக்க விடவில்லை. வேலையில் ஒரு இயந்திரத்தின் மூடியைப் போடாமலே ஓடவிடப் போனான். முனுசாமி ஓடிவந்து நிறுத்தினார். "உனக்கு என்னடா ஆச்சு?" என்றார். லோகேஸ்வரன் மூடியை எடுத்து மாட்டினான்.

சனிக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அன்று ராத்திரி பட்டர்வொர்த்தில் ஜொகூருக்குப் பஸ் ஏறினான். டிக்கெட்டுக் காசை ஆப்பில் போடவில்லை.

ஞாயிறு காலை அவள் தங்கியிருந்த அடுக்குமாடிக்குக் கீழே நின்று கூப்பிட்டான். குமுதா வீட்டு உடுப்போடு, ஈரத்தலையோடு படியிறங்கி ஓடிவந்தாள். அவள் இளைத்திருந்தாள். போனில் அது தெரிந்ததில்லை.

"யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. உன்னப் பாக்க வந்தேன்."

அவள் முகத்தில் பயம் போய்க் கோபம் வந்தது. "பாக்கவா? போக வர நூத்தம்பது வெள்ளி ஆகியிருக்கும். வராம இருந்தா பேங்க்குல நிக்கும்னு யார் சொன்னது? நான் சொன்னேனா?"

"நான்தான் சொன்னேன்" என்றான். "பசியாறிட்டியா?"

பக்கத்துக் கடையில் உட்கார்ந்தார்கள். பழக்கதோஷத்தில் குமுதா ஒரே ஒரு ரொட்டி சானாய் சொல்லி இரண்டாகப் பிய்த்தாள். அவன் கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு சொன்னான். அவள் தடுக்கவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தார்கள். பிறகு அவன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"வெங்காயம், சவர்க்காரம், அரிசி. அதெல்லாம் நான் வேணும்னே போட்டது."

"தெரியும்."

"தெரியுமா?"

"ரெண்டாவது வாரமே தெரியும். நீங்க ஒரு ஸ்க்ரூவைக்கூட எண்ணி வைக்கிற ஆளு. வாராவாரம் சைபர் கூடுமா?"

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

குமுதா தே கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "முதல்ல சிரிப்பா இருந்துச்சு. அப்புறம் முடியலங்க. ஞாயித்துக்கெழமை உங்ககூட பேசினா திங்கக்கெழமை பஸ்ல ஏறக் காலு வரல. அந்த மீன் கொழம்புக்கு மறுநாள், பஸ் போய்ச் சேர்றவரைக்கும் அழுதுகிட்டே போனேன். ஷாஹிரா பயந்துட்டா. பேசாம இருந்தா ஒரு வாரம் ஓடிடுது. ரெண்டு வாரம் ஓடிடுது. அதான் நானே திருத்திட்டேன்."

அவனுக்கு ஒரு வாரமாக மனசுக்குள் அவளைப்பற்றி நினைத்ததையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. மேசைமேல் இருந்த அவள் கையைப் பிடித்தான். விரல் நுனிகள் தடித்துக் கரடுகட்டியிருந்தன. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையை எடுக்காமலே விட்டாள்.

"ஆறு வாரத்துக்கு ஒருக்கா ஒருத்தர் வரணும்" என்றான். "ஒருக்கா நீ, ஒருக்கா நான். பஸ் காசையும் வாடகை மாதிரி எழுதி வச்சிடுவோம். அது இல்லாம கணக்குப் போட வேணாம்."

அவள் கண்ணை மூடி மனசுக்குள் கூட்டினாள். அதில் அவள் அவனைவிடக் கெட்டிக்காரி. "அப்படின்னா வீடு மூணு மாசம் தள்ளிப்போகும்."

"போகட்டும்லா."

மத்தியானம் ஷாஹிரா தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தாள். குமுதா பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சின் நடுவிலேயே தூங்கிவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறவரை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சின்ன மேசைவிசிறியை அவள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தான். எழுப்பாமல் போய்விடலாமா என்று யோசித்தான். எழுப்பினான். சொல்லாமல் போனால் அவள் வருத்தப்படுவாள்.

அவள் சொன்னபடியே வீடு தள்ளிப்போயிற்று. முன்பணம் சேர்ந்ததும் ஆயர் ஈத்தாமில் ஒரு பழைய அடுக்குமாடியில் மூன்றாம் மாடி வீடு ஒன்று தோதாகக் கிடைத்தது. இரண்டு அறை, சமையலறை ஜன்னலில் மலை தெரியும். பேங்க்கில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு பேருடைய சம்பளச் சீட்டையும் வாங்கிப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். மாதத் தவணைக்கு லோகேஸ்வரனின் சம்பளம் மட்டும் போதாது, குமுதாவின் சிங்கப்பூர்ச் சம்பளத்தைச் சேர்த்துத்தான் கடன் கொடுக்கிறோம் என்றாள். அதாவது அந்தச் சம்பளம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வெளியே வந்து படியில் நின்றார்கள். வெயிலில் கண் கூசியது.

"முன்பணத்தோட முடிஞ்சிடும்னு நெனச்சோம்லா" என்றாள் குமுதா. அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் சிரித்தாள். "ரெண்டு பேரும் இவ்வளவு கணக்குப் போட்டோமே, இதைப் போடவே இல்லையே."

"வேணாம்னு சொல்லிடலாமா?"

அவள் நிறைய நேரம் யோசித்தாள். வாடகை மறுபடி ஏறப் போகிறது, காமினி படிப்பு முடிக்க இன்னும் இருக்கிறது, இத்தனை வருஷம் போனது போனதுதான். "வாங்கிடுவோம்" என்றாள். "காமினி வேலைக்குப் போனதும் பாத்துக்குவோம்."

அவன் சரி என்றான்.

ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சினார்கள். முனுசாமியைக் கூப்பிட லோகேஸ்வரன் தயங்கித் தயங்கிப் போனான். அவர் மனைவியோடு வந்து ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்துவிட்டு, "இனிமே தே தண்ணி உன் வீட்லதான்" என்று அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். காமினி சுவரெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் காலை அவள் கெடாவுக்குக் கிளம்பினாள். மத்தியானம் குமுதாவை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து பெர்ரியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடல் காற்றில் அவள் முந்தானை அவன் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தது. பஸ் கிளம்பியபோது ஜன்னலில் கையை வைத்துக் காட்டினாள். கண்ணாடி கறுப்பாக இருந்ததால் முகம் தெரியவில்லை.

புது வீட்டுக்கு அவன் திரும்பி வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். கதவைத் திறந்து உள்ளே போய் சுவரைத் தடவினான். எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று இன்னும் பழகவில்லை. ஒன்றைப் போட்டான். விசிறி சுற்றியது. இன்னொன்றைப் போட்டதும் வெளி நடையில் வெளிச்சம் விழுந்தது. மூன்றாவதில் ஒன்றுமே எரியவில்லை. அப்படியே ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுச் சமையலறை விளக்கைக் கண்டுபிடித்தான். பக்கத்து வீட்டில் யாரோ மலாயில் பிள்ளையை அதட்டிக் குளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் உள்ளே வரட்டும் என்று வாசல் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, ஒரு ஆளுக்கு அரிசி களைந்து அடுப்பில் ஏற்றினான்.